தோற்றவர் கழுத்தில் தங்கம்

8-10. ஐந்தாவது கேம். எதிராளிக்கு இன்னும் ஒரே ஒரு பாயின்ட் போதும். தங்கம் பாகிஸ்தானுக்குப் போய்விடும்.

2023 செப்டம்பர் 30. சீனாவின் ஹாங்சோ நகரம். ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் ஸ்குவாஷ் குழுப் பிரிவின் இறுதி ஆட்டம். கோர்ட்டுக்குள் சென்னையைச் சேர்ந்த அபய் சிங். எதிரே பாகிஸ்தானின் நூர் ஸமான். மூன்று நாள் முன்பு லீக் ஆட்டத்தில் இதே நூரிடம்தான் அபய் தோற்றிருந்தார். இந்தியாவும் 1-2 என்று பாகிஸ்தானிடம் தோற்றிருந்தது. இப்போது மறுபடியும் அதே ஆள்.

அபய் ஒரு பாயின்ட் எடுத்தார். இன்னொன்று எடுத்தார். 10-10. அப்புறம் மேலும் இரண்டு. 12-10. தங்கம் இந்தியாவுக்கு!

எல்லோரும் அபயைப் பற்றிப் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால், எனக்கு என்னவோ மகேஷ் மங்காவ்ங்கர் மேலேயே கண் போய்க்கொண்டிருந்தது. அன்றைய முதல் ஆட்டம் அவருடையது. நாசிர் இக்பாலிடம் 0-3 என்று தோற்றார். அடுத்து வந்த சவுரவ் கோஷல் 3-0 என்று ஜெயித்துக் கணக்கைச் சமன் செய்தார். மூன்றாவதாக அபய். மொத்தம் 2-1. மகேஷுக்கும் தங்கம்தான். இறுதி ஆட்டத்தில் கோர்ட்டுக்குள் கால் வைக்காத ஹரிந்தர் பால் சந்துவுக்கும் தங்கம்தான். மெடலின் எடையில் வித்தியாசம் கிடையாது. பின்பக்கம் '0-3' என்று பொறித்துக் கொடுக்கிற வழக்கமும் இல்லை.

சரி, அந்தத் தங்கம் மகேஷுடையதா?

'டீம்னா அப்படித்தானே சார்' என்று சட்டென்று சொல்லிவிடலாம். கிரிக்கெட்டில் அது சரி. டக் அவுட் ஆனவர்கூட ஸ்லிப்பில் ஒரு கேட்ச் பிடித்திருப்பார். கால்பந்தில் கோல் போடாதவர் பந்தைக் கடத்திக் கொடுத்திருப்பார். ஊர் கூடித் தேர் இழுக்கிற கதை. காஞ்சிபுரத்தில் வைகாசி மாதம் வரதராஜப் பெருமாள் தேர் வரும்போது பாருங்கள். வடத்தில் கை வைத்தவர்கள் ஏராளம். அதில் எவர் நிஜமாகவே இழுத்தார், எவர் சும்மா பிடித்துக்கொண்டு நடந்தார் என்பது அந்த வரதருக்குத்தான் வெளிச்சம். தேர் நிலைக்கு வந்தால் எல்லோருக்கும் புண்ணியம்.

ஸ்குவாஷில் அந்த வசதி இல்லை. ஏறக்குறைய 10 மீட்டர் நீளம், ஆறரை மீட்டர் அகலம், சுற்றிலும் சுவர். உள்ளே இரண்டே பேர். டீம்காரர்கள் எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே. ஒரு கேமுக்கும் அடுத்த கேமுக்கும் நடுவே தண்ணீர் பாட்டிலை நீட்டி இரண்டு வார்த்தை சொல்லலாம். அதற்கு மேல் அவர்களால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. யார் இழுத்தார், யார் இழுக்கவில்லை என்று பேர் பேராகக் கணக்கு எழுதி வைத்த தேர் இது. அதனால்தான் இங்கே 'டீம்' என்ற வார்த்தை என்ன அர்த்தத்தில் நிற்கிறது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

என்னை யோசிக்க வைத்தவன் அக்கா மகன். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். கல்லூரி டேபிள் டென்னிஸ் டீமில் இருக்கிறான். அதுவும் இதே மாதிரிதான். தனித்தனியாக ஆடி, கூட்டிப் பார்ப்பார்கள். ஒரு போட்டியில் அவன் டீம் 3-2 என்று கோப்பையை ஜெயித்தது. அந்த '2' இருக்கிறதே, இரண்டுமே இவன் தோற்றவை. வீட்டுக்கு வந்தவன் மெடலைக் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டான். அக்காவுக்கு அதை ஷோகேஸில் வைத்தாக வேண்டும்.

"எடுத்துக் குடுடா. நாலு பேர் வந்தா பார்ப்பாங்கல்ல?"

"நான் ஜெயிக்கலம்மா. அவங்க ஜெயிச்சாங்க."

பஞ்சாயத்து என்னிடம் வந்தது. வழக்கமான ஆறுதல் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவன் ஒரே கேள்வியில் என்னை மடக்கினான். "எனக்குப் பதிலா யார் ஆடியிருந்தாலும் அந்த மூணு பேர் ஜெயிச்சிருப்பாங்க மாமா. அப்புறம் இது எப்படி என்னுது?"

நல்ல கேள்வி. 'மனசைத் தளர விடாதே' ரகப் பதில்கள் இதற்குச் செல்லாது. அவன் கேட்டது தன்னம்பிக்கை பற்றியது அல்ல, பாத்தியதை பற்றியது.

அவனுக்குப் பதில் தேடிப் போனபோதுதான் அமெரிக்கக் கல்லூரி ஸ்குவாஷுக்குள் போய் விழுந்தேன். அது நமக்கு அவ்வளவு தூரத்து விஷயம் இல்லை. தமிழ்நாட்டின் வேலவன் செந்தில்குமார், கொலம்பியா பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர்தான். அவரைப் போல ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே படிக்கப் போன இந்தியப் பையன்கள் நிறைய.

அங்கே ஒரு டீமுக்கு 9 பேர். ஆட்டத் திறன்படி 1 முதல் 9 வரை வரிசைப்படுத்துவார்கள். இந்தப் பக்கத்து 1, அந்தப் பக்கத்து 1-ஐ எதிர்த்து ஆடுவார். 2, 2-ஐ. இப்படியே 9 வரை. மொத்தம் 9 ஆட்டங்கள். 5 ஜெயித்த டீம் ஜெயித்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், முதல் ஆளின் வெற்றிக்கும் ஒன்பதாவது ஆளின் வெற்றிக்கும் ஒரே மதிப்பு. ஒன்று என்றால் ஒன்றுதான். ஸ்டார் ஆட்டக்காரர் என்று ஒன்றரை போடுவது கிடையாது. இன்னொன்றும் உண்டு. 5 ஆட்டம் ஜெயித்து முடிவு தெரிந்த பிறகும் பாக்கி ஆட்டங்களை ஆடித்தான் தீர வேண்டும்.

இந்த உலகத்தில் டிரினிட்டி கல்லூரி என்று ஒன்று. கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில் இருக்கிறது. இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவர்கள் படிக்கிற சின்னக் கல்லூரி. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மாதிரி ஜாம்பவான்களுக்கு எதிரே சுண்டைக்காய். அந்தச் சுண்டைக்காய் 1998-லிருந்து 2012 வரை தொடர்ச்சியாக 252 ஆட்டங்களில் தோற்கவே இல்லை! 1999 முதல் 2011 வரை வரிசையாக 13 தேசியப் பட்டங்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டிலேயே இவ்வளவு நீளமான வெற்றி வரிசை வேறு இல்லை என்பார்கள். கோச்சின் பெயர் பால் அசையன்டே. பல நாட்டுப் பையன்களை வரவழைத்து டீம் கட்டியவர். இந்தியா, பாகிஸ்தான், ஸ்வீடன் என்று ஒரு குட்டி ஐ.நா. சபை.

இந்த 252 யாருடையது என்று பாருங்கள். அங்கே ஒரு மாணவன் நான்கு வருஷம் படிப்பான். அப்புறம் போய்விடுவான். ஏறக்குறைய 14 வருஷம் நீண்ட இந்த வரிசையை முழுசாகப் பார்த்த ஒரு மாணவன்கூட இருக்க முடியாது. தலைக்குக் கால் பங்கு, அதிகம் போனால் கொஞ்சம் கூட. அப்படியிருந்தும் ஒவ்வொருவனும் '252' என்றுதான் சொல்லிக்கொள்வான். 'நான் இருந்த காலத்தில் 60' என்று சொல்கிற கணக்குப்பிள்ளை யாரும் இருக்க மாட்டான்.

2009 பிப்ரவரி. தேசிய இறுதிப் போட்டி, பிரின்ஸ்டனுக்கு எதிராக, பிரின்ஸ்டனின் சொந்த மண்ணிலேயே. 8 ஆட்டங்கள் முடிந்தபோது 4-4. மிச்சமிருந்தது முதல் இடத்து ஆட்டக்காரர்களின் மோதல். டிரினிட்டியின் பாசித் சவுத்ரி, பாகிஸ்தானிலிருந்து வந்த மாணவர், ஐந்தாவது கேமில் 0-5 என்று பின்தங்கி நிற்கிறார். அதுவரை யார் யார் எப்படி ஜெயித்தார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அர்த்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. சவுத்ரி மீண்டு வந்து 9-5 என்று முடித்தார். 5-4. இந்த ஒரு நாளை மையமாக வைத்து அசையன்டே, ஜேம்ஸ் ஸக் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

அன்றைக்குத் தோற்ற நான்கு டிரினிட்டி பையன்கள் என்ன நினைத்திருப்பார்கள்? வெளியிலிருந்து பார்த்தால் சவுத்ரி அவர்களைக் காப்பாற்றினார். ஆனால், கணக்குப்படி பார்த்தால் சவுத்ரி போட்டது ஒன்று. மற்ற நால்வரும் ஆளுக்கொன்று போட்டு வைத்திருந்ததால்தான் அந்த ஒன்றுக்கு உயிர். கடைசியில் வருகிறவன் மேல் வெளிச்சம் விழுவது நேரத்தின் தற்செயல். ஹாங்சோவிலும் அதேதான். சவுரவின் ஆட்டம் மூன்றாவதாகவும் அபயின் ஆட்டம் இரண்டாவதாகவும் அமைந்திருந்தால், சவுரவ் முகம்தான் போஸ்டரில் இருந்திருக்கும். கல்யாண வீட்டில் கடைசியாகப் பாயசம் பரிமாறுகிறவருக்கு நல்ல பெயர் கிடைப்பது போல.

இனி மறுபக்கம். 2012 ஜனவரி 18. நியூ ஹேவன் நகரில் யேல் அணி, டிரினிட்டியை 5-4 என்று வீழ்த்தியது. 252 அங்கே நின்றது. அன்று தோற்ற பையன்கள் வெற்றி வரிசை ஆரம்பித்த 1998-ல் யு.கே.ஜி.யிலோ இரண்டாம் வகுப்பிலோ இருந்திருப்பார்கள். அவர்கள் கட்டாத கோட்டை. அவர்கள் கையில் விழுந்தது. கொள்ளுத் தாத்தா ஆரம்பித்த கடையைத் தன் காலத்தில் ஷட்டர் இழுத்து மூடுகிறவனின் வேதனை தெரியுமா உங்களுக்கு? ஏறக்குறைய அது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த '4'. டிரினிட்டியில் நான்கு பேர் அன்றைக்குத் தங்கள் ஆட்டத்தை ஜெயித்திருக்கிறார்கள். ஊர் திரும்ப ஒரு மணி நேரம் போலப் பயணம். அக்கா மகனிடம் இதைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்:

"அந்த நாலு பேரும் திரும்பி வர்றப்ப 'நாங்க ஜெயிச்சிட்டோம்'னு பாட்டுப் பாடிட்டு வந்திருந்தா?"

யோசிக்கவே இல்லை. "செம அசிங்கமா இருந்திருக்கும் மாமா."

"ஏன்? அவங்க ஜெயிச்சாங்களே? தோத்தது மத்த அஞ்சு பேர்தானே?"

பதில் வரவில்லை. நான் விடவில்லை. ஜெயித்தவனுக்கு டீமின் தோல்வியில் பங்கு உண்டு என்றால், தோற்றவனுக்கு டீமின் வெற்றியில் பங்கு எப்படி இல்லாமல் போகும்? ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டுப் பேரேட்டை மூட முடியாது. நான் பி.காம். பற்று ஒன்று இருந்தால் வரவும் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

பி.காம். என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டாம் வருஷத்தில் 1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தை உருப்போட வைத்தார்கள். அப்போது அது வறட்டுச் சட்டமாகத்தான் தெரிந்தது. இப்போது எடுத்துப் படித்தால் பாதி தர்ம சாஸ்திரம் மாதிரி இருக்கிறது. அதன் நான்காவது பிரிவு கூட்டாண்மை என்றால் என்ன என்று சொல்கிறது. தொழிலை எல்லோரும் சேர்ந்து நடத்தலாம்; அல்லது எல்லோருக்காகவும் ஒருவர் நடத்தலாம். அந்த 'எல்லோருக்காகவும்' என்பதில்தான் சூட்சுமம். கோர்ட்டுக்குள் அபய் தனியாக இருக்கிறார். ஆனால் மகேஷுக்காகவும் ஆடுகிறார். அதற்கு முன்னால் மகேஷ் தோற்றபோது அபய்க்காகவும் தோற்றார்.

13-வது பிரிவு இன்னும் சுவாரஸ்யம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பங்குதாரர்களுக்கு லாபம் சம பங்கு. நஷ்டமும் சம பங்கு. யார் எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தார் என்ற பேச்சே கிடையாது. ஏன் அப்படி? என்ன நடக்கும் என்று தெரியாத நாளில், முன்கூட்டியே எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நஷ்டம் வந்திருந்தால் தானும் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டவனுக்குத்தான் லாபத்தில் கை நீட்டும் உரிமை. மகேஷின் தங்கம் அந்தக் கையெழுத்துக்கு வந்தது என்பது என் கட்சி. 12-10 என்பது 10-12 ஆகியிருந்தால் முதல் ஆட்டத்தைத் தோற்றவர் என்ற பழி அவர் தலையில்தான் விடிந்திருக்கும். அந்தப் பழிக்குத் தலையை முன்னாடியே நீட்டி வைத்திருந்தார். அதுதான் அவருடைய முதலீடு.

இதை நான் பெருமையாகச் சொன்னபோது ஆடிட்டராக இருக்கும் கல்லூரி நண்பன் சிரித்தான். "அப்போ உழைக்காதவனுக்கும் பங்கு கொடுப்பியாடா? எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார். பதினோரு மணிக்கு வருவார், மூணு மணிக்குக் காபி சாப்பிடக் கிளம்பினா அப்படியே வீட்டுக்கு. அவரும் பார்ட்னர்தான்."

அதற்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது. ஒன்பதாவது பிரிவு. பங்குதாரர்கள் எல்லோருடைய பொது நன்மையும் அதிகபட்சமாகும்படி தொழிலை நடத்த வேண்டும், ஒருவருக்கொருவர் நேர்மையாக இருக்க வேண்டும் என்கிறது. ஜெயித்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தோற்பது ஒப்பந்த மீறல் இல்லை. ஏனோதானோ என்று ஆடுவதுதான் மீறல். என் அக்கா மகன் இரண்டு ஆட்டத்திலும் வியர்த்துக் கொட்டி ஆடித் தோற்றான். நண்பனின் பார்ட்னர் வியர்ப்பதே இல்லை, ஏ.சி. ரூம் வேறு.

கூட்டாண்மையின் கசப்பான பக்கமும் டிரினிட்டி கதையில் உண்டு. 2009-ல் டீமைக் காப்பாற்றிய அதே சவுத்ரி, 2010 இறுதிப் போட்டியில் யேல் ஆட்டக்காரரை ஜெயித்துவிட்டு, வெறியோடு அவர் முகத்துக்கு நேரே போய்க் கத்தினார். அந்தக் காட்சி டி.வி.யில் திரும்பத் திரும்ப ஓடியது. ஸ்குவாஷ் என்றால் என்னவென்றே தெரியாத அமெரிக்கர்கள்கூடத் திட்டினார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு நடக்க இருந்த தனிநபர் சாம்பியன்ஷிப் போட்டியிலிருந்தும் விலகிக்கொண்டார். ஆனால், திட்டு வாங்கியது அவர் மட்டுமா? கோச், கல்லூரி, வாயைத் திறக்காத மற்ற எட்டுப் பேர் எல்லோரும்தான். ஒரு பங்குதாரர் தொழில் நடத்தும்போது செய்த தப்புக்கு நிறுவனமும் பொறுப்பு என்கிறது 26-வது பிரிவு. ஒருவன் ஜெயித்துத் தரும்போது 'நாம்' என்று சேர்ந்துகொண்டவர்கள், அவன் தலைகுனிவைத் தேடித் தரும்போது 'அவன்' என்று ஒதுங்க முடியாது.

ஒதுங்கக்கூடிய ஒரே கூட்டம் உண்டு. நாம்தான், ரசிகர்கள்! இந்தியா ஜெயித்தால் 'ஜெயிச்சிட்டோம்'. தோற்றால் 'தோத்துட்டானுங்க'. கவனித்திருக்கிறீர்களா, ஒரே ராத்திரியில் தன்மையிலிருந்து படர்க்கைக்குத் தாவிவிடுவோம். சட்டத்தில் இதற்கும் இடம் இருக்கிறது. 30-வது பிரிவின்படி 18 வயது நிரம்பாதவரை, எல்லாப் பங்குதாரர்களின் சம்மதத்தோடு கூட்டாண்மையின் பலன்களில் சேர்த்துக்கொள்ளலாம். லாபத்தில் பங்கு உண்டு. நஷ்டத்துக்குத் தனிப்பட்ட பொறுப்பு கிடையாது. ரசிகனுக்கு எத்தனை நரை விழுந்தாலும் சட்டப்படி மைனர்தான்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த பையன் டிராயர் சாவியைச் சுழற்றிக்கொண்டே இன்னொரு குண்டைப் போட்டான். "சரி மாமா, பத்தாவது ஆளு?"

அமெரிக்கக் கல்லூரி ஸ்குவாஷில் பத்தாவது ஆள் என்று ஒருவன் உண்டு. டீமோடு பயணம் செய்வான். எதிரணியின் பத்தாவது ஆளோடு ஒரு ஆட்டம்கூட ஆடுவான். ஆனால், அது கணக்கில் வராது. ஜெயித்தாலும் 5-4, தோற்றாலும் 5-4. அவன் பழிக்கும் தலை நீட்டவில்லை. அவன் தோற்றால் யாரும் கேட்கப்போவதில்லை. என் கையெழுத்துத் தியரிப்படி அவனுக்குப் பங்கு இல்லை.

ஆனால், ஒன்று. டீமுக்குள் 1 முதல் 9 வரையான வரிசையைத் தீர்மானிப்பதே தங்களுக்குள் அவர்கள் ஆடும் சவால் ஆட்டங்கள்தான். பத்தாவது ஆள் தினமும் பின்னாலிருந்து துரத்துவதால்தான் ஒன்பதாவது ஆள் ஓடுகிறான். துரத்தியவனின் பெயர் ஸ்கோர் ஷீட்டில் இல்லை. 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த உலகக் கோப்பை ஸ்குவாஷில் இந்தியா முதல்முறையாக ஜெயித்தது. ஜோஷ்னா சின்னப்பா, அபய் சிங், அனஹத் சிங், முன்பு சொன்ன வேலவன் என்று நால்வர் அணி. இறுதி ஆட்டத்தில் ஹாங்காங்குக்கு எதிராக முதல் மூவரும் ஜெயித்து 3-0. நான்காவது ஆட்டத்துக்குத் தேவையே வரவில்லை. வேலவனும் உலகச் சாம்பியன் அணியின் ஆள்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. அவர் பெயர் அணிப் பட்டியலில் இருந்தது. 2-1 என்று ஆகியிருந்தால் அவர் இறங்கியிருப்பார். காத்திருந்தவரும் கையெழுத்துப் போட்டவரே. ஆனால் பட்டியலிலேயே இல்லாமல், தினமும் உடன் ஆடித் துரத்தியவர்களை என்ன செய்வது? பையனுக்கு என்னால் சுத்தமான பதில் தர முடியவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அது பங்கு ஆகாது.

பட்டியலில் இல்லாதவர்கள் என்றதும், 252-ஐ முடித்து வைத்த யேல் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது நம் சென்னைக் கோட்டையிலிருந்து போன பெயர். எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். பதவியை வைத்துச் சொந்த வியாபாரத்தில் கொழித்தார் என்ற புகாரில் பதவி இழந்தவர். 1718-ல் அமெரிக்காவில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு 417 புத்தகங்களும், அரசர் முதலாம் ஜார்ஜின் படமும், 9 மூட்டை சரக்கும் அனுப்பிவைத்தார். பெரும்பாலும் துணிமணிகள். விற்றதில் சுமார் 560 பவுண்டு தேறியது. கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 560 பவுண்டுக்கு 300 வருஷப் புகழ்! இவ்வளவு மலிவாக வேறு யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். அந்த 9 மூட்டையை நெய்தவர்கள் எந்த ஊர், எந்தத் தெரு? அந்தத் தறிக்காரர் ஒருவர் பெயர்கூட எங்கேயும் இல்லை.

300 வருஷத்துக்கு முந்தைய கதைதானே என்று விட்டுவிட முடிவதில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவர் இருக்கிறார். அறுபதை நெருங்கும் வயது. ஸ்குவாஷ் கதையை அவரிடமும் சொன்னேன். தறிக்குழிக்குள் கால் வைத்தபடியே, ஒரு இழை அறுந்ததை முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"தோத்தவனுக்கும் தங்கமா? நல்ல கம்பெனி சார். இங்க அப்படியே தலைகீழ். புடவை நல்லா வந்தா கடைக்காரர் பேரு. டேமேஜ் வந்தா மட்டும் என் பேரு. கூலியில பிடிச்சிடுவாங்க."

என் கூட்டாண்மைத் தியரியை அவர் இரண்டு வரியில் கிழித்துப் போட்டார். பழிக்குத் தலை நீட்டியவனுக்கு வெற்றியில் பங்கு என்றேன். இங்கே தலை நீட்டியவர் ஒருவர். பங்கு எடுப்பவர் இன்னொருவர். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது வருஷம் ஆகிறது. ஊருக்குப் பெயர், பெட்டிக்குப் பெயர், கடைக்குப் பெயர். கூட்டுறவுச் சங்கம் என்று ஒரு ஏற்பாடும் இந்த ஊரில் ரொம்ப நாளாக உண்டு. நெசவாளரே உறுப்பினர், லாபத்தில் அவருக்கும் ஒரு பாகம் என்பதுதான் அதன் தத்துவம். சட்டம் படித்தவனுக்கு அது ரொம்ப அழகாகத் தெரியும். இவர் அதில் இல்லை. தனியார் முதலாளிக்குக் கூலிக்கு நெய்கிறார்.

"புடவையில ஓரத்துல உங்க பேரை நெஞ்சு அனுப்பினா என்ன?" என்றேன் விளையாட்டாக.

"அதையும் டேமேஜ்னு சொல்லிப் பிடிச்சுக்குவாங்க சார்!"

அவர் நெய்துகொண்டிருந்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு கலர், கரை வேறு கலர். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நடுவே உடலுக்கு ஒன்று, கரைக்குப் பக்கத்துக்கு ஒன்று. ஒரே ஆளால் முடியாது. ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா போட வேண்டும். ஒவ்வொரு வரியிலும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து ஆள் ஒரு வரி தவறினால் இணைப்பில் பல் தெரியும், அதுதான் டேமேஜ். ஒரு காலத்தில் அந்த ஓர இடத்தில் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய நேரத்தில் நாடா போட்டுக்கொண்டிருந்த தலைமுறை அது. நம்ம தறிக்காரரும் அப்படி உட்கார்ந்து ஆரம்பித்தவர்தான்.

இப்போது அந்த இடத்தில் அவர் மனைவி. நான் போனதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. இவர் மிதியை மிதிக்கும் நேரமும் அந்த அம்மா நாடா போடும் நேரமும் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

"ஒரு புடவைக்குக் கூலி வந்தா, இவங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "யாருக்கு சார்?"

"அம்மாவுக்கு."

"அவளுக்குக் கூலியா? வெளியாளை வெச்சா கூலி குடுக்கணும். இவ வீட்டு ஆளு சார்."

அந்த அம்மா நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். நாடா நின்றது. "வரி போகுது பாரு" என்றார் அவர். அம்மா குனிந்து அடுத்த நாடாவைப் போட்டார்.